என்ன, கனநாளாக் காணேல்லை?

“என்ன, கனநாளாக் காணேல்லை?”

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள அந்தச் சாறிக் கடைக்குள் யார் நுழைந்தாலும் நாகேந்திரம் முதலில் கேட்பது இதைத்தான். காலையில் பிளவுஸ் துணி வாங்கிப் போனவர் நிறம் பொருந்தவில்லையென்று பின்னேரம் திரும்பி வந்தாலும் அதே கேள்வி. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடைப் படி ஏறியவரிடமும் அதே கேள்வி. கேட்டுவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்து, பதில் வரும்வரை காத்திருப்பார்.

என் அம்மா அந்தக் கடைக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். கொட்டாஞ்சேனையிலிருந்து சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, தைத்த உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். சிறு வயதிலிருந்து நானும் கூட வருவேன்.

“போன சனிக்கிழமைதானே அண்ணன் வந்துட்டுப் போனேன்?” என்பார் அம்மா.

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் மலரும். “ஓ, தங்கச்சியே! பிள்ளையும் வந்திருக்கிறாவோ? இருங்கோ, இருங்கோ.”

சனங்களுக்கு அவரைப் பிடிக்கும். எல்லாரையும் நெடுநாள் உறவுபோலக் கேட்கிறாரே! “நாகேந்திரம் எலெக்சன் கேக்கப் போறார் போல” என்று முதலாளியே கேலி செய்வார். வேறு கடையில் மலிவாகக் கிடைக்கும் சாறியையும் இவரிடம் வந்துதான் வாங்குவார்கள். அம்மாவும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வருவார்: “ஒருத்தரையும் மறக்காத மனுசன்.”

ஒரே ஒரு தடவை எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பல்கலைக்கழகம் கிடைத்த கிழமை, வெள்ளவத்தைச் சந்தையடியில் எதிரே வந்தார். நான் சிரித்தேன். கண்ணுக்கு நேரே பார்த்துவிட்டு அப்படியே கடந்து போனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கூட இல்லை. அப்பா ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். தையற்காரியின் மகள் படிக்கப் போவது பிடிக்கவில்லையோ என்று பல நாள் யோசித்தேன். எதையும் என்னைச் சுற்றியே யோசிக்கிற வயது அது. இப்போதும் அந்தப் பழக்கம் முழுதாகப் போனதென்று சொல்லமாட்டேன்.

பட்டம் முடித்ததும் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் ஆய்வு உதவியாளராக வேலை கிடைத்தது. மூளை இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பாரிசவாதம் வந்த நோயாளருக்கு முகங்களை அடையாளம் காணும் திறன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் ஆய்வு. கட்டிலருகே மடிக்கணினியை வைத்து, தலைமயிரும் காதும் கழுத்தும் மறைத்து முகம் மட்டும் தெரிகிற படங்களைக் காட்டுவோம். தெரிந்த முகமா, யார் என்று கேட்போம். சிங்களம் பேசுகிறவர்களை வேறொருவர் பார்ப்பார். தமிழ் பேசுகிறவர்களை நானும் என்னோடு வேலை செய்யும் ஹப்ஸாவும்.

ஒருநாள் காலை வார்ட்டுக்குள் போனபோது கட்டிலில் நாகேந்திரம் இருந்தார். கடையில் துணி மடித்துக்கொண்டு நின்றவருக்கு வலது கை விழுந்துவிட்டதாம். பெரிய தாக்கம் இல்லை. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. வயது ஐம்பத்து நான்கு. ஆய்வில் சேரச் சம்மதமா என்று நான் கேட்டதும் குரலிலேயே என்னை அடையாளம் பிடித்துக்கொண்டார்.

“ஓ, தங்கச்சீன்ர பிள்ளையே! என்ன, கனநாளாக் காணேல்லை? எனக்கு ஒரு சோதினையும் பயமில்லை, கொண்டாங்கோ.”

கிரிக்கெட் வீரர்கள் வந்தார்கள், நடிகர்கள் வந்தார்கள், நாட்டை ஆண்டவர்கள் வந்தார்கள். ஒருவரையும் அவருக்குத் தெரியவில்லை.

“இதுகளைக் கதைக்கச் சொல்லுங்கோ பிள்ளை. உடன சொல்லுறன் ஆரெண்டு.”

ஹப்ஸா சிரித்துவிட்டாள். “கதைக்கிற படம் எங்கட்ட இல்ல அங்கிள். பாத்துத்தான் செல்லணும்.”

கடைசிப் பகுதியில் வீட்டாரின் படங்கள் வரும். நோயாளருக்குத் தெரியாமல் குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவோம். திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. கண், மூக்கு, வாய் மட்டும். மூக்குத்தியையும் மறைத்திருந்தோம்.

அவர் நன்றாகப் பார்த்தார். “தெரியேல்லை. ஆரோ ரீச்சர் மாதிரி இருக்கிறா. முறைச்சு முறைச்சுப் பாக்கிறா.”

அவருக்குப் பின்னால் சூப் பிளாஸ்க்கோடு அவர் மனைவி அருந்ததி நின்றுகொண்டிருந்தார். அது அவருடைய படம்.

அருந்ததி பிளாஸ்க்கை மேசையில் வைத்தார். “இருவத்திமூண்டு வருசம். இருவத்திமூண்டு வருசமா ஆருக்கப்பா நான் சோறு போட்டனான்?”

நாகேந்திரம் திரும்பினார். “நீயே அது? வாய் திறந்திருந்தியெண்டால் தெரிஞ்சிருக்கும்.”

“படம் வாய் திறக்குமே?”

ஹப்ஸா மறுபடி சிரித்தாள், பிறகு கையால் வாயை மூடிக்கொண்டாள். அருந்ததி சிரிக்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, கலியாணத்தண்டைக்கு இவர் என்ர தங்கச்சியிட்டப் போய்த்தான் நிண்டவர். பதட்டத்தில எண்டு எல்லாரும் சிரிச்சவை. அதுக்குப் பிறகு இந்தப் பெரிய மூக்குத்தியை ஒரு நாளும் கழட்டாதை எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். ஆசையில சொல்லுறாரெண்டு நினைச்சனான்.”

ஸ்கேன் படத்தைப் பார்த்த டொக்டர், இந்த நோயாளிக்கு அடைப்பு வந்தது மூளையின் இடப்பக்கத்தில், கையை அசைக்கிற இடத்தில் என்றார். முகங்களை அறிகிற பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இது பாரிசவாதத்தால் வந்ததல்ல, பழையது. அநேகமாகப் பிறவியிலேயே வந்தது. இப்படிச் சிலர் இருக்கிறார்கள். குரலையும் நடையையும் உடுப்பையும் வைத்தே ஆட்களை அறிந்து, எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்தபடி முழு வாழ்க்கையையும் ஓட்டிவிடுவார்கள். ஆய்வுக் கணக்கில் இவரைச் சேர்க்க முடியாது, தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், அதில் உங்கள் பெயரும் வரும் என்றார்.

என் பெயர். அதை அம்மாவுக்குக் காட்டுவதைப் பற்றியே அன்று முழுக்க நினைத்தேன்.

முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பம் என்று நாகேந்திரம் முன்பே சொல்லியிருந்தார். சொல்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். நல்ல செய்தி கொண்டுபோவதாகத்தான் நினைத்தேன். சந்தையடியில் என்னைக் கடந்து போனது கர்வமில்லை என்று எனக்கும் விளங்கிவிட்டதே.

“அங்கிள், இது உங்கட பிழையில்லை. பிறக்கேக்கையே வாறது. உங்களுக்கு முகம் பிடிபடாது. அவ்வளவுதான்.”

“மற்றாக்களுக்கு?”

“மற்றாக்களுக்கு முகத்தைப் பாத்தாலே தெரியும்.”

“பாத்தாலே?” சிரித்தார். “கதைக்காமல்?”

“ஓம்.”

“உடுப்பு மாத்திக்கொண்டு வந்து நிண்டாலும்?”

“ஓம் அங்கிள்.”

சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. “படத்திலயும்?”

“படத்திலயும்தான். கனவருசத்துக்கு முந்திக் கண்ட ஆளெண்டாலும் படத்தைப் பாத்தால் கனபேருக்குத் தெரியும்.”

ஒரு மனிதரின் முகம் அப்படி வெளிறிப்போவதை அன்றுதான் நேரில் கண்டேன். இயங்குகிற இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தாதியைக் கூப்பிட்டேன். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. “என்ன சொன்னனீங்கள் இவருக்கு?” என்று அருந்ததி என்னைக் கேட்டார். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். “பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம். அன்ரி கோயிலுக்குப் போயிடுவா.”

கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் அவர் வீடு. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். தானே இடது கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பாதி தட்டில் சிந்தியது.

“படத்திலயும் எண்டு சொன்னீங்கள். அது உண்மையோ?”

“உண்மைதான் அங்கிள்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாதோ?”

“உங்களைப் போல இன்னும் சிலபேர் இருக்கினம்.”

அந்தச் ‘சிலபேர்’ அவருக்கு ஆறுதலாக இல்லை. கடலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாராம். ஒருநாள் படையினரின் சுற்றிவளைப்பில் அந்த லொட்ஜில் இருந்த எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொண்டுபோன இடத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஒரு படத்தைக் காட்டி, இவன் உன் லொட்ஜில் இருந்தவன், யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அடித்தார்கள். மறுபடி தெரியாது என்றார். தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று இன்னும் அடித்தார்கள். பிறகு அவரை ஒரு வானுக்குள் இருத்தி, கண்ணுக்கு இரண்டு துளை வெட்டிய சாக்கை அவர் தலையில் போட்டார்கள். பிடிபட்ட பெடியன்களை ஒவ்வொருவராக வானுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படத்தில் இருக்கிறவன் வந்தால் அவர் தலையை ஆட்ட வேண்டும்.

நான் அந்தக் காலத்தில் பிறந்திருக்கவில்லை. என்றாலும் அந்தச் சாக்குக்குள் இருப்பவருக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியும். தலையாட்டி. அந்தச் சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். சாறிக் கடையில் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்த மனிதரோடு அதை என்னால் சேர்க்க முடியவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“கனபேர் போச்சினம். நான் ஆட்டேல்லை. பின்னால இருந்தவன் துவக்கால இடிச்சான். பிறகு ஒருத்தன் வந்தான். அவன்தான் படத்தில இருக்கிறவன் எண்டு எனக்குப் பட்டது. ஆட்டினன்.”

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் தொடர்ந்தார்.

“அவனை இழுத்துக்கொண்டு போகேக்க வானைத் திரும்பிப் பாத்தான். ‘அண்ணை, என்னை நல்லா வடிவாப் பாருங்கோ அண்ணை’ எண்டான். சத்தம் போடேல்லை பிள்ளை. கடையில சாறியை விரிச்சுக் காட்டச் சொல்லிக் கேப்பினமே, அப்பிடிக் கேட்டான். அந்தக் குரல் இண்டைக்கும் என்ர காதுக்குள்ள கிடக்கு.”

தட்டில் சிந்தியிருந்த தேத்தண்ணியை அவர் திரும்பக் கோப்பைக்குள் ஊற்றினார்.

“அவன் திரும்பி வந்திட்டான் எண்டுதான் இவ்வளவு காலமும் நம்பினனான். ஏனெண்டு கேளுங்கோ. காணாமல் போன பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு தாய்மார் கொள்ளுப்பிட்டியில வந்து இருப்பினம், கண்டிருப்பீங்கள். பல்லுக்கொதி எண்டு முதலாளிக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போவன். அந்த வரிசை முழுக்க நடந்து ஒவ்வொரு படமாப் பாப்பன். ஒவ்வொரு முறையும் போவன். அவன் அதில இல்லை. ஒரு படத்திலயும் இல்லை. வயித்தில பால் வார்த்தமாதிரி இருக்கும் பிள்ளை. விட்டிட்டாங்கள், கலியாணம் கட்டி எங்கையோ இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு பஸ் ஏறுவன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்தேன் என்பதும் விளங்கியது. அவரை உயிரோடு வைத்திருந்த ஒரே நம்பிக்கையை, கணினியில் முகங்களைக் காட்டி, புன்னகையோடு எடுத்துவிட்டேன்.

எதையாவது மீட்டுக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் கேட்டேன்: “அவர் எப்பிடி இருந்தவர் அங்கிள்? சொல்லுங்கோ பாப்பம். சிலவேளை உங்களுக்கு அந்த முகம் மட்டும் பதிஞ்சிருக்கும்.”

“எப்பிடி மறக்கிறது? கோப்பி நிறச் சேட்டு. பருத்தி, நல்ல துணி. பொக்கற்றில தெறி அறுந்துபோய் இருந்தது. வெள்ளை நூல் நீட்டிக்கொண்டு நிண்டது. கொலர் அகலம், அந்தப் படத்தில இருந்தவன்ர…”

நிறுத்தினார்.

“படத்தில இருந்தவன்ரயும் அகலக் கொலர்தான்” என்றார் பிறகு.

அவர் கண்ணை மூடினார். தேடுகிறார் என்று தெரிந்தது. கொலருக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கண்ணைத் திறந்தபோது என்னை முன்பின் பார்த்திராதவர் போலப் பார்த்தார். அவருக்கு எப்போதும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

“நான் சேட்டுக்குத்தான் தலையாட்டியிருக்கிறன், பிள்ளை.”

அந்தப் படத்தில் இருந்தவர் யாரோ, கோப்பி நிறச் சேட்டுப் போட்டிருந்தவர் யாரோ. யாரையோ தேடியவர்களிடம் வேறு யாரோ போயிருக்கலாம். கொள்ளுப்பிட்டி வரிசையில் அந்தச் சேட்டுக்காரரின் தாயும் இருந்திருக்கலாம். நாகேந்திரம் அந்தத் தாயின் கையிலிருந்த படத்துக்கு முன்னால் நின்று பார்த்து, இல்லையென்று சந்தோசப்பட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

“கடைக்கு வாற ஆக்களையெல்லாம் கனநாளாக் காணேல்லை எண்டு கேப்பீங்களே…” என்று தொடங்கினேன். முடிக்கத் தைரியம் வரவில்லை.

“அப்பிடிக் கேட்டால் என்னவும் ஒரு வார்த்தை கதைப்பினம்தானே” என்றார். “ஆம்பிளையள் சாறிக் கடைக்கு வந்தாலும் வாய் திறவாயினம். கதைக்க வைக்கோணும். அவன் கதைச்சால் எனக்குத் தெரியும்.”

நான் எழும்பும்போது என் கையைப் பிடித்தார். “அடுத்த முறை அவை கொள்ளுப்பிட்டிக்கு வரேக்க என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. படம் பாக்க இல்லை. அங்க நிண்டு சொல்லோணும். நான்தான் தலையாட்டினனான், சேட்டு இந்த நிறம், அவன் கடைசியாக் கேட்டது இது எண்டு சொல்லோணும். தாய்மாருக்குத் தெரியும் பிள்ளை, ஆற்ற பிள்ளை அப்பிடிக் கேப்பான் எண்டு. அடிச்சால் அடிக்கட்டும்.”

“அன்ரிக்கு?”

“அதுக்கு முதல் அவவுக்குச் சொல்லுவன்.”

சொல்லவில்லை. அடுத்த அடைப்பு அதே இடப்பக்கத்தில், முன்னையதைவிடப் பெரிதாக வந்தது. இம்முறை பேச்சைக் கொண்டு போய்விட்டது. அதே வார்ட்டில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் போய் “அங்கிள்” என்றதும் அடையாளம் கண்டார், கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காற்று மட்டும் வந்தது. எல்லாரையும் கதைக்க வைத்த மனிதர். கொஞ்ச நாளில் அப்படியே போய்விட்டார்.

கனத்தை மயானத்துக்குக் கடை வாடிக்கையாளர் அவ்வளவு பேர் வருவார்கள் என்று முதலாளியே எதிர்பார்க்கவில்லை. அருந்ததி என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “ஒருத்தரையும் காட்டிக்குடுக்கத் தெரியாத மனிசன் பிள்ளை. கடையில சாறி களவெடுத்தவளைக்கூட, ‘எனக்கு ஆளைத் தெரியாது’ எண்டு சொல்லி விட்டவர்.”

அது உண்மையாகத்தான் இருக்கும். அவளையும் அவருக்குத் தெரிந்திருக்காது.

கட்டுரை வெளிவந்தது. ‘ஐம்பத்து நான்கு வயது ஆண், விற்பனையாளர்’ என்று அவரைப் பற்றி அதில் இருக்கிறது. மூன்றாவதாக என் பெயர். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். ‘இக்குறைபாடு நோயாளியின் அன்றாட வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கவில்லை’ என்ற வசனத்தை நீக்க வேண்டும் என்று அச்சுக்குப் போகுமுன் டொக்டரிடம் கேட்டேன். ஏன் என்றார். ஆய்வில் நோயாளர் சொல்வதை வெளியில் சொல்லக்கூடாது என்பது முதல்நாளே எனக்குப் படிப்பித்தது. அவர் வீட்டில் தேத்தண்ணி தந்து சொன்னது ஆய்வா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வசனம் நீங்கவில்லை.

போன மாதம் தாய்மார் மறுபடி கொள்ளுப்பிட்டியில் வந்து இருந்தார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் போனவள் இறங்கிவிட்டேன். வரிசையின் இந்தக் கரையிலிருந்து மெதுவாக நடந்தேன். நாகேந்திரம் நடந்த மாதிரி. எனக்கு முகங்கள் தெரியும். ஒவ்வொன்றும் வேறு வேறாக, தெளிவாகத் தெரிந்தன. ஆனால் நான் தேடுகிறவரை நான் கண்டதில்லை. கோப்பி நிறச் சேட்டு இரண்டு படங்களில் இருந்தது, ஆனால் கொலர் ஒடுங்கலாக. பழைய படங்களில் நிறத்தை நம்ப முடியாது.

ஒரு தாயின் முன்னால் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டேன் போல. அவர் மடியிலிருந்த படத்தை என் பக்கம் உயர்த்தினார்.

“வடிவாப் பாருங்கோ பிள்ளை.”

அவனுடைய தாய் இவராக இருக்குமோ? வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய படத்தையும் எடுத்து நீட்டினார்.

“இதையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ அம்மா. எங்கையாவது கண்டனீங்களோ?”

அதற்கு அடுத்தவரும் நீட்டினார். அதே வார்த்தை. அந்த வார்த்தையை வைத்து ஒரு தாயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாகேந்திரம் நம்பியிருந்தார். அது வரிசை முழுவதிலும் இருந்தது.

அந்த வரிசைக்கு அவர் சொல்ல வேண்டியது இன்னும் சொல்லப்படவில்லை.